“நீங்களும் அப்படித்தானோ?”: ஒரு வாட்ஸ்அப் சண்டை, மூன்று கடிதங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. சொந்தக்காரர்கள் நாற்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. கல்யாணம், சாவு, ஜெப விண்ணப்பம், ரப்பர் விலை என்று ஓடும். போன மாதம் என் சித்தப்பா (ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறார், சபையில் பொறுப்பிலும் இருக்கிறார்) தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றிக் கேவலமான ஒரு ஃபார்வர்டைப் போட்டு, “இதுகளை எல்லாம் கட்டிவைத்து அடிக்கணும்” என்று கீழே எழுதினார். இது முதல் தடவை இல்லை. எனக்குத் தாங்கவில்லை. “சித்தப்பாவுக்கு மட்டும் இதில் ஏன் இவ்வளவு அக்கறை? நீங்களும் அப்படித்தானோ?” என்று போட்டுவிட்டேன். பன்னிரண்டு பேர் சிரிப்பு ஸ்மைலி போட்டார்கள். சித்தப்பா குரூப்பை விட்டே போய்விட்டார். சித்தி அம்மாவிடம் பேசுவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. என் தம்பிக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு, வீட்டில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். அவனுக்காகத்தான் நான் பேசினேன். அவனோ மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால், “நீயும் என்னைக் காட்டித்தானே எல்லாரையும் சிரிக்க வெச்ச, அக்கா” என்கிறான். நான் செய்தது தப்பா? இப்படி வெறுப்பைக் கக்குகிறவர்கள் உள்ளுக்குள் அதே ஆட்கள்தான் என்று ஆராய்ச்சியே இருப்பதாக என் கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார். (பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

பதில்: தப்புதான் மக்ளே. கோபம் தப்பில்லை, அந்த வரி தப்பு.

அந்தப் பன்னிரண்டு பேர் எதற்குச் சிரித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சித்தப்பா எழுதியது கொடுமை என்று அவர்களுக்குப் பட்டதாலா? அப்படிப் பட்டிருந்தால் அவர் ஃபார்வர்டைப் போட்டபோதே ஒருவராவது வாயைத் திறந்திருப்பாரே. சபையில் பொறுப்பில் இருக்கிற, மீசை வைத்த ஒரு பெரிய மனுஷனைப் போய் ‘அப்படி’ என்று சொல்லிவிட்டீர்களே, அதற்குத்தான் சிரிப்பு. அப்படி இருப்பது கேவலம் என்று சித்தப்பா நம்புகிறார், சிரித்தவர்களும் நம்புகிறார்கள், அந்த ஒரு நிமிஷம் நீங்களும் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் உங்கள் ஜோக்கில் ஒன்றுமே மிஞ்சாது. “சித்தப்பா, உங்களுக்கும் மட்டிப்பழம் பிடிக்குமோ?” என்று கேட்டிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

உங்களை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, நானும் இதைச் செய்தவன். தொண்ணூறுகளில் நாகர்கோவிலில் நாலு பேர் ஒரு ரூம் எடுத்துத் தங்கிப் படித்தோம். எங்களில் ஒருவன், பக்கத்து ரூமில் இருந்த, நடையும் பேச்சும் கொஞ்சம் நளினமான ஒரு பையனைப் படாத பாடு படுத்துவான். ஒருநாள் ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் தின்றுகொண்டிருக்கும்போது நான் சொன்னேன்: “லே, உனக்குத்தாம்லே அவன்மேல கண்ணு.” ரூமே அதிர்ந்தது. அன்றைக்கு நான் பெரிய வீரன். மறுநாளிலிருந்து அவன் அந்தப் பையனை முன்னைவிட மோசமாக நடத்தினான், தனக்கு அப்படி எதுவும் கிடையாது என்று எங்கள் மூன்று பேருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்ததே! பேசியது நான், வாங்கியது அந்தப் பையன். பரீட்சைக்கு முன்னாலேயே அவன் ரூமைக் காலி செய்துவிட்டுப் போனான். எங்கே போனான் என்று நாங்கள் யாரும் கேட்கக்கூட இல்லை.

சரி, உங்கள் சக ஊழியர் சொல்கிற ஆராய்ச்சிக்கு வருவோம். அது பொய் இல்லை, 1996ல் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடம்ஸ் என்பவரும் அவருடைய இரண்டு சகாக்களும் செய்தது. தங்களுக்குப் பெண்கள்மேல் மட்டுமே ஈர்ப்பு என்று சொன்ன 64 ஆண்களை எடுத்துக்கொண்டு, கேள்வித்தாள் கொடுத்து, வெறுப்பு உள்ளவர்கள் 35 பேர், இல்லாதவர்கள் 29 பேர் என்று பிரித்தார்கள். பிறகு படங்களைப் போட்டுக்காட்டி, உடல் கிளர்ச்சியைக் கருவி வைத்து அளந்தார்கள். ஆண்கள் இருவர் சேர்ந்திருக்கும் படத்துக்கு, வெறுப்பு உள்ளவர்களில் 54 சதவீதம் பேரிடம் தெளிவான கிளர்ச்சி தெரிந்தது, மற்ற குழுவில் 24 சதவீதம். இதைத்தான் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

அதே கட்டுரையை மிச்சமும் வாசித்தால் சுதி குறைந்துவிடும். வெறுப்பு உள்ள குழுவிலேயே 20 சதவீதம் பேரிடம் அசைவே இல்லை. பதற்றமும் பயமும்கூட உடலில் அப்படிக் காட்டலாம் என்று எழுதியவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் போகட்டும், இது ஒரு ஊரில் 64 பேரை அளந்த கணக்கு. 2013 வாக்கில் கனடாவில் வேறு இரண்டு ஆய்வாளர்கள் ஆண்கள், பெண்கள் இரு தரப்பையும் வைத்து வேறு முறையில் தேடிப் பார்த்தபோது இந்தத் தொடர்பு அகப்படவே இல்லை. நடுவில் 2012ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஓரளவு தொடர்பு தெரிந்தது, அதுவும் யாரிடம்? கடுமையாக அடக்கி வளர்த்த பெற்றோரின் பிள்ளைகளிடம், வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறொன்றாக இருந்தவர்களிடம். அப்படி ஒருவர் உங்கள் எதிரில் இருந்தால் அவரைப் பார்த்துச் சிரிக்கவா தோன்றும்?

ஆக, சிலர் அப்படி இருக்கலாம். அதிலிருந்து “வெறுப்பவன் எல்லாம் அதே ஆள்தான்” என்று தாவ முடியாது. கணக்கே இடிக்கும். நம் ஊரில் இதை ஏற்காதவர்களை எண்ணிப் பாருங்கள், உங்கள் பாட்டி, என் மாமனார், டீக்கடையில் பேப்பர் வாசிக்கிறவர், பஸ் கண்டக்டர், கிட்டத்தட்ட எல்லாரும். இத்தனை பேரும் ஒளிந்திருக்கிறார்கள் என்றால் பிறகு யாரிடமிருந்துதான் ஒளிகிறார்கள்?

வெறுப்புக்கு உள்ளே ஒரு ரகசியம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1820களில் கல்குளம், இரணியல் பக்கம் மேல்சீலை (மார்பை மறைக்கும் துணி) போட்ட நாடார் பெண்களின் துணியைப் பொது இடத்தில் வைத்துக் கிழித்தார்களே, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு வெளியிடும்வரை அந்தச் சண்டை ஓயவில்லையே, கிழித்தவர்களின் மனசுக்குள் என்ன ரகசிய ஆசை ஒளிந்திருந்தது என்று யாராவது ஆராய்ந்தார்களா? தேவையே படவில்லை. வழக்கம், தன் இடம் போய்விடுமோ என்ற எரிச்சல், கேட்க ஆளில்லை என்ற துணிச்சல், அவ்வளவு போதும். இன்றைக்கும் ஒருவன் சாதிவெறியைக் கக்கினால், “நீயும் அந்தச் சாதிதானோ?” என்று கேட்பீர்களா? கேட்டால் அந்தச் சாதியில் பிறந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? கேட்ட நொடியிலேயே அது வசை என்று நமக்கு விளங்கிவிடுகிறது. தம்பி விஷயத்தில் மட்டும் விளங்க மூன்று நாள் ஆகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் என்னை ரொம்ப உறுத்துவது. வெறுப்பவன் எல்லாம் ஒளிந்திருக்கும் தன்பாலீர்ப்பாளன் என்றால், அவர்களை அடிப்பதும் அவர்களே, சட்டம் போட்டு உள்ளே தள்ளியதும் அவர்களே என்று ஆகிவிடும். மற்ற நாம் எல்லாம் கை கழுவிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377வது பிரிவை 1860ல் எழுதியது பிரிட்டிஷ்காரன், 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கும்வரை அதைக் கட்டிக் காத்தது நாம் எல்லாரும் சேர்ந்துதான்.

“அப்படியானால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம்?” என்று கேட்பீர்கள். உண்டு. ஹங்கேரியில் யோசெஃப் சாயர் என்று ஒரு அரசியல்வாதி. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் செய்வதுதான் என்று சொல்கிற 2011ன் அரசியலமைப்பை எழுதியதில் முக்கியமானவர். 2020 நவம்பரில், கொரோனா கட்டுப்பாடு இருந்தபோது, பிரஸ்ஸல்ஸில் ஆண்கள் மட்டும் கூடிய ஒரு பார்ட்டியில் போலீஸ் நுழைய, இவர் மழைநீர்க் குழாயைப் பிடித்து இறங்கி ஓடி மாட்டினார், ஐரோப்பிய நாடாளுமன்றப் பதவியும் போனது. அமெரிக்காவில் 2006ல் டெட் ஹாகர்ட் என்ற பெரிய பாஸ்டர் கதையும் ஏறக்குறைய இதுதான். இந்தக் கதைகள் மனசில் நிற்பதற்குக் காரணமே அவை விசித்திரம் என்பதுதான். வெறுத்துக்கொண்டு, பெண்டாட்டியோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துச் சாகிற லட்சோபலட்சம் பேரைப் பற்றி எந்தப் பேப்பரில் செய்தி வரும்? சாயரைக் கேட்க வேண்டிய கேள்வியும் “நீ யார்?” என்பதல்ல. அடுத்தவனுக்கு இல்லை என்று எழுதிவைத்துவிட்டு உனக்கு மட்டும் எடுத்துக்கொண்டாயே, அதைத்தான் கேட்க வேண்டும். அவர் அந்த வரிகளை எழுதினார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, பதவி இருந்தது, பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சித்தப்பாவுக்கு எதிராக உங்களிடம் என்ன ஆதாரம்? அவர் கத்துகிறார் என்பது. கத்தினால் “பாத்தியா, குத்துது” என்போம், பேசாமல் இருந்தால் “பாத்தியா, வாயே திறக்கல” என்போம். எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க முடியாத குற்றச்சாட்டை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, சித்தப்பா மாதிரி ஆட்கள் மாறுவார்களா என்பதற்கு ஒரு உதாரணம், அதுவும் ஹைகோர்ட்டிலிருந்து. 2021ல், வீட்டை எதிர்த்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, தனக்கும் பழைய எண்ணங்கள் உண்டு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, தீர்ப்பு எழுதுமுன் ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார், தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் சந்தித்தார். 2021 ஜூன் 7ல் அவர் கொடுத்த உத்தரவில், இவர்களைச் ‘சரி செய்கிறேன்’ என்று மருத்துவம் பார்ப்பதற்கே தடை வந்தது. அவருக்குள் இருந்தது அறியாமை, அதை அவர் அறியாமை என்றே பெயர் சொல்லி ஒத்துக்கொண்டார். அந்த நேரம் ஒருவர் எழுந்து “ஐயா, நீங்களும் அப்படித்தானோ?” என்று கேட்டிருந்தால் எந்தக் கதவு திறந்திருக்கும் என்கிறீர்கள்?

இனி செய்ய வேண்டியது. முதலில் தம்பியிடம் போங்கள். “உனக்காகத்தான்” என்ற வார்த்தையை விட்டுவிட்டு மன்னிப்புக் கேளுங்கள், அதைச் சேர்த்தால் மன்னிப்பு பாதியாகிவிடும். அப்புறம் சித்தப்பா. அவரைக் குரூப்பில் கூப்பிட வேண்டாம், நேரில் போங்கள். காலையில் ரப்பர் ஷீட் வருகிற நேரத்தில் வேண்டாம், சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்தபின் போனால் நல்லது. “சித்தப்பா, நாலு பேர் முன்னால உங்களை அப்படிக் கேட்டது தப்பு, அந்த வார்த்தையை எடுத்துக்கிறேன். ஆனா கட்டிவெச்சு அடிக்கணும்னு நீங்க போட்டதும் நாலு பேர் முன்னாலதான். அது நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். ‘இருந்தா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோபம் வந்தாலும், கண்ணீர் வந்தாலும் தம்பி பெயர் வாயில் வரக்கூடாது, அது உங்கள் ரகசியம் இல்லை. அவர் திட்டலாம், எழுந்து போகலாம். அடுத்த தடவை ஃபார்வர்டு வந்தால், “இது பொய், இப்படி அடிக்கச் சொல்வது குற்றம்” என்று இரண்டு வரி போடுங்கள். ஸ்மைலி வராது. பரவாயில்லை.

கேள்வி: நாகர்கோவிலில் இன்ஜினியரிங் முடித்தவன் நான். ஹாஸ்டலில் யாரையாவது கிண்டல் செய்தால் முதலில் சத்தம் போட்டது நான்தான், ஏனென்றால் என்மேல் சந்தேகம் வரக்கூடாது. உங்கள் பத்தியை வாசிக்கிறவர்கள் “வெறுப்பவர்கள் அதே ஆட்கள் இல்லை” என்று நீங்கள் சொன்னால் நம்பிவிடுவார்கள். என் மாதிரி ஆட்களும் இருக்கிறோம். இப்போது சென்னையில் வேலை, துணை ஒருவர் இருக்கிறார். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. (இ., சென்னை)

பதில்: இருக்கிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை. உங்கள் கடிதம் கிடைத்த பிறகு மேலே உள்ள பதிலில் ‘சிலர் அப்படி இருக்கலாம்’ என்ற வரியைச் சேர்த்தேன், முதலில் அது இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த ஹாஸ்டலில் ஒருவன் எல்லார் முன்னாலும் உங்களைப் பார்த்து, “லே, நீயும் அதுதானே?” என்று கேட்டிருந்தால் உங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? உண்மை என்பதாலேயே அது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும் இல்லையா? இந்தக் குற்றச்சாட்டின் கோளாறு இதுதான், பொய்யாக இருந்தால் வெறும் அவமானம், உண்மையாக இருந்தால் ஒருவனைத் தெருவில் நிறுத்துவது. நீங்கள் செய்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு, அதில் சலுகை கிடையாது. பயந்துபோய் அடித்தாலும் அடிவாங்கியவனுக்கு வலி ஒன்றுதான். யாரைக் கிண்டல் செய்தீர்களோ அவர்களில் ஒருவரின் நம்பராவது உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் போனை வைத்துவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டாம். என்னிடம் அந்தப் பக்கத்து ரூம் பையனின் நம்பர் இல்லை.

கேள்வி: தக்கலைக்காரன். வயது 58. என் மதநம்பிக்கைப்படி இது பாவம் என்று நினைக்கிறேன். யாரையும் அடிக்கச் சொன்னதில்லை, கெட்ட வார்த்தை பேசினதில்லை. இதைச் சொன்னதற்கு என் மகனின் நண்பன் ஒருவன், “அங்கிளுக்கு உள்ளே ஏதோ இருக்கு, அதான் ஃபோபியா” என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். எனக்கு எந்தப் பயமும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

பதில்: எந்த ஊரிலும் நியாயம் இல்லை சார். அந்தப் பையன் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

‘ஹோமோஃபோபியா’ என்ற அந்த வார்த்தையால் வந்த வினையும் கொஞ்சம் உண்டு. ஜார்ஜ் வைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் அதை உருவாக்கினார், 1972ல் வந்த அவருடைய புத்தகத்தால் பரவியது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குப் பக்கத்தில் நிற்கவே சிலர் நடுங்குவதைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. பிறகு எதிர்ப்பு, வெறுப்பு, அருவருப்பு, கொள்கை எல்லாவற்றுக்கும் அதே பெயராகிவிட்டது. பெயரில் ‘பயம்’ இருப்பதால் ஆளாளுக்கு டாக்டராகி, அந்த நோய்க்கு வேர் எங்கே என்று தோண்டுகிறார்கள். உங்களிடம் இருப்பது நோய் இல்லை, ஒரு கருத்து. கருத்து என்றால் மருந்து வேண்டாம், ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. பாவம் என்று நம்ப உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் வாழ்க்கைக்கு வேலி, பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்க்கை நீங்கள் வேலி போடப் புறம்போக்கு நிலம் இல்லை. வயது வந்த இரண்டு பேர் மனம் ஒத்து இருப்பது 2018க்குப் பிறகு குற்றம் இல்லை, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் அந்த 377வது பிரிவையே காணோம். தன்பால் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். யாரையும் அடிக்கச் சொன்னதில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். அடிக்கணும் என்று ஒருவர் உங்கள் முன்னால் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை.

அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “லே மக்கா, எனக்குள்ள என்ன இருக்குன்னு நீ தேட வேண்டாம், நான் வெளியே சொன்னதைப் பத்திக் கேளு, பதில் சொல்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். கேள்விகள் நிறைய வரும். ஒரு சாயங்காலம் போதாது.